எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப்: பேட்டரியை எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது?

#1 சுபா_திருச்சி

மேசையை விட்டு நகராத 14 அங்குல லேப்டாப். டைப்-சி டாக் (மானிட்டர், மின்சாரம் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டி) வழியாக நாள் முழுக்க மின்சாரத்திலேயே இருக்கும். வயது இரண்டரை வருடம். விண்டோஸ் பேட்டரி அறிக்கையில் வருவது:

வடிவமைப்புக் கொள்ளளவு 57,000 மில்லிவாட் ஹவர்
இப்போதைய முழுக் கொள்ளளவு 46,170
சைக்கிள் 64

அதாவது 81% தான் மிச்சம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். 100 ஆனதும் பிளக்கைப் பிடுங்கு என்கிறார் ஒருவர். 20-க்குக் கீழே விடாதே, 80-க்கு மேலே ஏற்றாதே என்கிறார் இன்னொருவர். மாதம் ஒருமுறை சுத்தமாக இறக்கி ஏற்று என்பது மூன்றாமவர். எது சரி? கரண்ட் போனால் இரண்டு மணி நேரமாவது தாங்க வேண்டும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 முகுந்தன்

உங்கள் கேள்விக்கான பதில் அந்த 64-இலேயே இருக்கிறது. மொத்தம் 100% அளவுக்கு இறக்கினால் ஒரு சைக்கிள். லேப்டாப் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 1,000 சைக்கிள் வரை கணக்கிட்டுச் செய்யப்படுபவை. 64 சைக்கிளில் 19% தேயாது. ஆகவே இது ஏற்றி இறக்கியதால் வந்த தேய்மானம் இல்லை. சும்மா இருந்தே வயதானது. முழுச் சார்ஜில் இருந்தது, சூட்டில் இருந்தது, இரண்டும் சேர்ந்த விளைவு.

உள்ளே நடப்பது இது. கிராஃபைட் மின்வாயின் மேல் எலக்ட்ரோலைட் (செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவம்) சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலம் வளர வளர லித்தியம் அதற்குள் சிக்கி, திரும்பப் பயன்படாமல் போகும். செல்லின் மின்னழுத்தம் கூடினால் இது வேகமாக நடக்கும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. எதிர்ப்பக்கத்து மின்வாயிலும் 4.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எலக்ட்ரோலைட் ஆக்சிகரணம் ஆகும். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் 4.35 அல்லது 4.4 வோல்ட் வரை ஏற்றும் செல்கள். பேக்கின் மேல் 11.4 அல்லது 11.55 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதுதான். மூன்று செல்கள் வரிசையாக.

பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் வெகுகாலமாக இருக்கும் ஒரு அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டும். ஒரு வருடம் சும்மா வைத்த பிறகு மிஞ்சும் கொள்ளளவு: 25 டிகிரியில் 40% சார்ஜோடு வைத்தால் 96%, 100% சார்ஜோடு வைத்தால் 80%. அதுவே 40 டிகிரியில் 85%, 65%. உங்கள் செல்லுக்கு இதே எண்கள் வராது, ஆனால் போக்கு இதுதான்.

மூன்றாவது அறிவுரை நிக்கல்-காட்மியம் காலத்து மிச்சம். 1991-இல் சோனி லித்தியம் அயானைச் சந்தைக்குக் கொண்டுவந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. முழுதாக இறக்காமல் ஏற்றினால் கொள்ளளவு குறையும் அந்த ‘ஞாபக’ நோய் லித்தியத்துக்குக் கிடையாது.

#3 பழனிவேல்

எல்லாம் சரி, ஆனால் 20–80 விதி தப்பில்லையே. 80-இல் பிளக்கைக் கழற்றி, 20-இல் மாட்டினால் மேல் மின்னழுத்தமும் இல்லை, அடி மின்னழுத்தமும் இல்லை. ஃபோனுக்கும் இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சுபா அவர்கள் இதைப் பின்பற்றினாலே போதும் என்பது என் கருத்து.

#4 முகுந்தன்

பழனிவேல் சார், கையில் தூக்கிக்கொண்டு அலையும் லேப்டாப்புக்கு அது நல்ல விதி. மேசை லேப்டாப்புக்கு அது வேண்டாத வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

46 வாட் ஹவர் பேட்டரியில் 80-இலிருந்து 20 வரை என்றால் சுமார் 28 வாட் ஹவர். லேப்டாப் சராசரியாக 10 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். எட்டு மணி நேர வேலையில் இப்படி இரண்டு சுற்று. ஒவ்வொன்றும் 0.6 சைக்கிள், ஆக நாளுக்கு 1.2. வருடத்தில் 300 வேலை நாள் என்றால் 360 சைக்கிள். பாதியளவு சுற்றுகள் முழுச் சுற்றுகளை விட மென்மையானவை என்பது உண்மைதான். ஆனாலும் பிளக்கிலேயே 60%-இல் நிறுத்தி வைத்தால் இந்த 360 கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஆகிறதே!

பிளக்கில் இருப்பதே பேட்டரியைக் கெடுக்கும் என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர். பேட்டரி நிரம்பியதும் சார்ஜர் சிப் அதற்குப் போகும் மின்னோட்டத்தை நிறுத்திவிடும். லேப்டாப் நேராக அடாப்டரிலிருந்து இழுக்கும். ‘ஓவர்சார்ஜ்’ என்று ஒன்று நடப்பதில்லை. கெடுப்பது 100-இல் மாதக்கணக்கில் நிற்பது. பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எண்ணைக் குறையுங்கள்.

80-ஆ 60-ஆ என்றால், முடிந்தால் 60. கிராஃபைட்டில் லித்தியம் படிப்படியாக அடுக்கில் ஏறும். சுமார் 60%-ஐத் தாண்டும்போது அந்த மின்வாயின் மின்னழுத்தம் ஒரு படி இறங்கும். படலம் வளரும் வேகம் அங்கே ஒரு படி ஏறும். 60-க்கும் 80-க்கும் இடையில் பெரிய மாற்றமில்லாத சமதளம் பல செல்களில் உண்டு. ஆகவே 70 என்று வைப்பதில் அதிக லாபம் இல்லை. ஒன்று 55–60, இல்லையென்றால் 80.

#5 லோகு_லினக்ஸ்

எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனிவாரியாக:

லெனோவோவின் ஐடியாபேட், யோகா, லீஜியனில் வான்டேஜ் செயலிக்குள் ‘கன்சர்வேஷன் மோட்’. பழைய மாடல்களில் 55–60-இல் நிற்கும், புதியவற்றில் 75–80. எண்ணை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. திங்க்பேட்டில் மட்டும் தொடங்கும் எண், நிறுத்தும் எண் இரண்டையும் கொடுக்கலாம்.

டெல்லில் ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் பேட்டரி அமைப்பில் ‘கஸ்டம்’. தொடக்கம் 50, நிறுத்தம் 60 என்று வைக்கலாம். எண் போட விருப்பமில்லை என்றால் ‘ப்ரைமரிலி ஏசி யூஸ்’. ‘எக்ஸ்பிரஸ் சார்ஜ்’ என்பதைத் தினசரிப் பயன்பாட்டுக்கு வைக்காதீர்கள்.

ஹெச்பி அலுவலக மாடல்களில் எஃப்10, அதில் ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’, ‘மேக்ஸிமைஸ் மை பேட்டரி ஹெல்த்’. 80-இல் நிறுத்தும். வீட்டு மாடல்கள் பலவற்றில் எண் கிடையாது. ‘அடாப்டிவ் பேட்டரி ஆப்டிமைசர்’ என்று ஒரு ஆன்-ஆஃப் மட்டும்.

ஆசுஸில் மைஆசுஸ் செயலி, 80. பழைய பதிப்பில் 60 தெரிவும் இருந்தது, அதைத் தூக்கியது அநியாயம். ஏசரில் கேர் சென்டர் அல்லது ஏசர்சென்ஸ், 80.

மேக்கில் ‘ஆப்டிமைஸ்டு சார்ஜிங்’ உங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு அதுவாக முடிவெடுக்கும். நேரம் தவறி வேலை செய்பவர்களுக்குச் சரியாக வராது. நிலையான வரம்புத் தெரிவு இல்லாத மேக்கில் அல்டென்டே போன்ற செயலி போடுவார்கள்.

லினக்ஸில் டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியைப் போட்டு அதன் அமைப்புக் கோப்பில் தொடக்க, நிறுத்த எண்களைக் கொடுங்கள். கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் அமைப்புகளுக்குள்ளேயே உண்டு, க்னோம் 48-லிருந்து அங்கேயும் வந்துவிட்டது. சில ஆசுஸ் மாடல்களில் ரீஸ்டார்ட் செய்தால் எண் அழிந்துவிடும். டிஎல்பி ஒவ்வொரு பூட்டிலும் திரும்ப எழுதிவிடும் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பயாஸில் இருந்தால் பயாஸிலேயே வையுங்கள். விண்டோஸ் செயலியை யாராவது அன்இன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியே இருக்கும்.

#6 சுபா_திருச்சி

நன்றி. என்னுடையதில் பயாஸில் தெரிவு இருக்கிறது. 60-இல் நிறுத்தினால் கரண்ட் போகும்போது தாங்குமா? இன்னொன்று, வீட்டில் இருக்கும் இன்னொரு பழைய லேப்டாப்பில் எந்த வரம்பும் இல்லை. அதற்கு ஸ்மார்ட் பிளக் வாங்கி 80-இல் அணைத்து 40-இல் போடும்படி செய்யலாமா?

#7 முகுந்தன்

46 வாட் ஹவரில் 60% என்றால் 27.7. திரை வெளிச்சத்தைக் குறைத்து எழுத்து வேலை, உலாவி மட்டும் என்றால் 9 வாட் வாக்கில் இழுக்கும். மூன்று மணி நேரம். வீடியோ கால் ஓடினால் 12 முதல் 15 வாட், அப்போது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக முடியும். அது இடிக்கிறது என்றால் 80 வையுங்கள், 37 வாட் ஹவர் கிடைக்கும். எப்படியும் டாக்கும் மானிட்டரும் கரண்ட்டோடு போய்விடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் இல்லையென்றால் பேட்டரி நின்று என்ன பயன்?

மின்தடை நேரம் முன்கூட்டியே அறிவிக்கும் நாட்களில் முந்தின இரவு வரம்பை 100 ஆக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் 100-இல் நிற்பதால் ஒன்றும் ஆகாது.

ஸ்மார்ட் பிளக் யோசனை மேலே சொன்ன 20–80 கதையேதான்: 80–40 என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும், நாளுக்கு மூன்று நான்கு தடவை. வரம்பு இல்லாத லேப்டாப்புக்கு இதைவிட நல்ல வழி, நாளின் கடைசி வேலையை பேட்டரியில் ஓட்டுவது. 55 வாக்கில் இறங்கியதும் ஷட்டவுன் செய்து பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். காலையில் மாட்டுங்கள். இரவும் விடுமுறையும் முழுக்க 100-இல் நிற்பது தவிரும். விலை, நாளுக்கு அரை சைக்கிள்கூட இல்லை.

#8 செந்தில் (சர்வீஸ்)

சதவீதத்தப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. சூட்டையும் கொஞ்சம் பாருங்க. பெஞ்சுக்கு வர்ற உப்பின பேட்டரி பாதிக்கு மேல சூட்டு கேஸ்தான்.

பேட்டரி கை வைக்கிற பகுதிக்கு அடியில இருக்கு, ப்ராசஸர் அதுக்கு மேல்பக்கம். ஹீட் பைப் சூடு அலுமினிய பாடி வழியா கீழ இறங்கும். மெத்தை, தலையணை மேல வெச்சா அடியில காத்து போற ஓட்டை அடைபடும். மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல வெளியவே 38 டிகிரி. உள்ள பேட்டரி 45-ஐ ஈஸியா தொடும். பெரும்பாலான பேக் 45-க்கு மேல போனா சார்ஜ் வோல்டேஜைக் குறைக்கும் இல்ல நிறுத்தும், 60-க்கு மேல சார்ஜே ஏத்தாது. ‘பிளக் மாட்டியும் சார்ஜ் ஏறல’ன்னு மதிய நேரத்துல மட்டும் ஒரு கம்ப்ளைண்ட் வந்தா முதல்ல இதைப் பாருங்க. ஆப்பிளே மேக்புக்கை 10-லேருந்து 35 டிகிரி சூழல்ல வெச்சுக்கச் சொல்றாங்க.

செய்ய வேண்டியது: பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்குற ஸ்டாண்ட். ஃபேன் தூசி தட்டறது. பவர் ஆப்ஷன்ஸ்ல ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’டை 99% ஆக்கினா டர்போ (ப்ராசஸர் தானா வேகத்தை ஏத்திக்கறது) நிக்கும், ஆபீஸ் வேலைக்கு வித்தியாசமே தெரியாது, சூடு நல்லாக் குறையும். புது மெஷின்கள்ல அந்த லைன் மறைஞ்சிருக்கும், அப்ப பவர் மோடை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’ல வைங்க.

அப்புறம் பை. லிட் மூடினா தூங்குதுன்னு நினைச்சு பையில போடுவாங்க. இப்ப வர்ற மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷின் முழுசாத் தூங்கறதில்ல. அப்டேட் ஓட ஆரம்பிச்சா பைக்குள்ளயே வேகும். லிட் மூடினா ‘ஹைபர்னேட்’ (வேலையை டிஸ்க்ல சேமிச்சுட்டு முழுசா அணையறது)னு மாத்திடுங்க.

#9 லோகு_லினக்ஸ்

செந்தில் அண்ணா சொன்னதோடு டாக்கையும் சேர்க்கிறேன். அடாப்டரின் வாட் போதாவிட்டால் பிளக்கில் இருக்கும்போதே பேட்டரியும் சேர்ந்து கொடுக்கும். லேப்டாப் 90 வாட் கேட்கிறது, டாக் 65 தான் தருகிறது என்றால் மீதி பேட்டரியிலிருந்து. கேமிங் லேப்டாப்களில் கம்பெனி அடாப்டரிலேயே உச்ச சுமையில் இது நடக்கும். அறிய எளிய வழி: எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப்பில் சைக்கிள் எண் மாதம் ஐந்து பத்து என்று ஏறினால் அடாப்டர் போதவில்லை. சுபாவுடையது 64 என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

அறிக்கை எடுக்கத் தெரியாதவர்களுக்கு: கமாண்ட் ப்ராம்ப்ட்டில் powercfg /batteryreport என்று அடியுங்கள். உங்கள் யூசர் ஃபோல்டரில் ஒரு கோப்பு விழும், உலாவியில் திறங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன், பவர்.

#10 பழனிவேல்

மேசை லேப்டாப்புக்கு 60 என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முழுதாக இறக்கி ஏற்றுவது வீண் என்றால், 30% காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணையும் லேப்டாப்களுக்கு ‘கேலிப்ரேஷன்’ செய்தால் சரியாகிறதே, அது எப்படி?

#11 முகுந்தன்

சரியாவது அளவுகோல், பேட்டரி அல்ல. பேக்குக்குள் ஒரு சிப் உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணுவதில் சிறு பிழைகள் சேரும். பேட்டரி ஓய்வாக இருக்கும்போது மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். மாதக்கணக்கில் 60-இலேயே நின்றால் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லை. அதனால் வரம்பு வைத்தவர்களுக்கு மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது வேண்டும்.

முறை: வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுங்கள். நிரம்பிய பிறகு இரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். பிறகு கழற்றி சாதாரண வேலையில் 7–10% வரை இறக்குங்கள். ஷட்டவுன் செய்து ஐந்து மணி நேரம் தொடாதீர்கள். இந்த ஓய்வைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், சிப் அடிப்புள்ளியைப் படிப்பது அப்போதுதான். பிறகு ஏற்றி, வரம்பைத் திரும்ப வையுங்கள். பூஜ்ஜியம் வரை அணைய விட வேண்டிய அவசியமில்லை.

இதற்குப் பிறகும் 30-இல் அணைந்தால் அது அளவுகோல் பிரச்சினை இல்லை. மூன்று செல்களில் ஒன்று பலவீனம், சுமை ஏறும்போது அதன் மின்னழுத்தம் மட்டும் சரிகிறது. மாற்றத்தான் வேண்டும்.

#12 வெண்ணிலா

டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கிளிக் ஆகவில்லை என்றால் அது பேட்டரி உப்பியதால்தானா? பேட்டரி இன்னும் நன்றாகவே நிற்கிறது.

#13 செந்தில் (சர்வீஸ்)

அதேதான். எலக்ட்ரோலைட் சிதைஞ்சு கேஸ் ஆகியிருக்கு. நல்லா நிக்குதுங்கறது சமாதானம் இல்ல. இன்னையோட சார்ஜ் போடறத நிறுத்திடுங்க, டேட்டாவை எடுத்துட்டு ஷட்டவுன் பண்ணுங்க. அழுத்தி மூடற வேலை வேண்டாம், ஊசி குத்தி காத்து இறக்கறது யூடியூப்ல யாராச்சும் காட்டினாலும் செய்யாதீங்க. கேஸோட சேர்ந்து செல்லுக்குள்ள ஷார்ட் ஆச்சுன்னா தீ.

கழட்டறதா இருந்தா: பின்மூடி ஸ்க்ரூவுக்கு ஃபிலிப்ஸ் 0, சில மாடல்ல டார்க்ஸ் டி5, மேக்புக்ல பென்டலோப். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை போர்டுலேருந்து எடுக்கறது, அப்புறம்தான் மத்ததெல்லாம். ஒட்டியிருக்கற பேட்டரின்னா இரும்பு ஸ்பட்ஜர் (நெம்பற கருவி) வேண்டாம். பிளாஸ்டிக் கார்டும் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும். ஒட்டு விடலன்னா நிறுத்திட்டு ஆள் கிட்ட கொடுங்க. கழட்டினதை உலர்ந்த மணல் போட்ட இரும்பு டப்பால வெச்சு, வீட்டுக்கு வெளிய வைங்க. குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022 வந்ததிலிருந்து பழைய பேட்டரியை சேகரிக்கற பொறுப்பு தயாரிப்பாளர் மேல இருக்கு, சர்வீஸ் சென்டர்ல வாங்கிக்கச் சொல்லுங்க.

#14 வெண்ணிலா

புதியது எதைப் பார்த்து வாங்குவது? ஒரிஜினல் விலையில் பாதிக்குக் கடையில் கிடைக்கிறது. செல் மட்டும் மாற்றித் தருவதாகவும் சொல்கிறார்கள்.

#15 செந்தில் (சர்வீஸ்)

லேப்டாப் மாடல் பேரைச் சொல்லி வாங்காதீங்க. ஒரே மாடல்ல ரெண்டு மூணு பேட்டரி வரும். பழைய பேட்டரி மேல இருக்கற பார்ட் நம்பர், வோல்ட், வாட் ஹவர் மூணும் பொருந்தணும். 11.55 வோல்ட் பேக் 13.2 வோல்ட் வரை சார்ஜ் ஆகும். அந்த உறைக்குள்ள மலிவான 4.2 வோல்ட் செல்லைப் போட்டு வித்தா, 12.6-ல நிக்க வேண்டியது 13.2-க்கு ஏறும். மாசக்கணக்குல உப்பும்.

செல் மட்டும் மாத்தறது லேப்டாப்புக்கு வேண்டாங்க. சிப்புக்குள்ள பழைய செல்லோட கணக்கு அப்படியே இருக்கும். செல்லைக் கழட்டற நேரத்துல சில சிப் தன்னைத்தானே நிரந்தரமா பூட்டிக்கும்.

வாங்கினதும் அறிக்கை எடுங்க. சைக்கிள் ஒற்றை இலக்கமா இருக்கணும், முழுக் கொள்ளளவு வடிவமைப்புக்குப் பக்கத்துல இருக்கணும். இந்த எண்ணையும் பொய்யா எழுதி வெக்கிறாங்க. அதனால 100-லேருந்து 10 வரை ஒரு தடவை இறக்கி, எத்தனை மணி நேரம் நின்னுதுன்னு பாருங்க. 57 வாட் ஹவர்னு போட்டது 10 வாட் சுமைக்கு மூணு மணி நேரத்துல முடிஞ்சா, உள்ள இருக்கறது முப்பத்தஞ்சுக்குள்ளதான். திருப்பிக் கொடுக்கற தேதி முடியறதுக்குள்ள செஞ்சுடுங்க.

தயாரிப்புத் தேதியும் முக்கியம். மூணு வருஷம் கிடங்குல கிடந்த ‘புது’ பேட்டரி புதுசு இல்ல.

#16 லோகு_லினக்ஸ்

ஸ்பேர் பேட்டரி வாங்கி வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். சும்மா கிடந்தாலும் வயதாகும். ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை மாதக்கணக்கில் வைத்துவிட்டுப் போவதாக இருந்தால் 50% வாக்கில், முழு ஷட்டவுன், நிழலான இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து 30-க்குக் கீழே போயிருந்தால் திரும்ப 50. ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் பூக்கும்.

#17 சுபா_திருச்சி

பயாஸில் தொடக்கம் 50, நிறுத்தம் 60 வைத்துவிட்டேன். ஆனால் விண்டோஸில் இன்னும் 100% என்றே காட்டுகிறது, ‘சார்ஜ் ஆகவில்லை’ என்கிறது. அமைப்பு வேலை செய்யவில்லையா?

#18 முகுந்தன்

வேலை செய்கிறது. வரம்பு மேலே ஏறுவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே ஏறியதை இறக்காது. பிளக்கில் இருக்கும் வரை லேப்டாப் அடாப்டரிலிருந்தே இழுப்பதால் பேட்டரி அதே 100-இல் வாரக்கணக்கில் நிற்கும். டாக் கேபிளைக் கழற்றி 60-க்குக் கீழே, 58 வாக்கில் இறங்கும் வரை ஓட்டுங்கள். பிறகு மாட்டினால், 50-க்குக் கீழே போகாத வரை ஏற்றாமல் அங்கேயே நிற்கும்.